சாயங்கால அழுகை

படிக்கும் முன் பேசுவோம்

உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடு இருக்கிறதா? அந்தக் குழந்தை எந்த நேரத்தில் அதிகமாக அழுகிறது? அப்போது வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்?


1. விளக்கு வைக்கும் நேரம்

கைக்குழந்தை இருக்கும் பல வீடுகளில் இது நடக்கும். பகலில் குழந்தை நன்றாக இருக்கும். பால் குடிக்கும், தூங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அழத் தொடங்கும். முகம் சிவந்துவிடும். கால்களை மடக்கி வயிற்றோடு சேர்க்கும். கைகளை இறுக மூடிக்கொள்ளும். வயிறு கல் போல இருக்கும். எடுத்தாலும் அழும், படுக்கவைத்தாலும் அழும். பின்புறமாகக் காற்றுப் பிரிந்தால் கொஞ்சம் ஓயும். பிறகு மறுபடியும் அழும்.

"வயிற்றுவலி" என்பார்கள். "வாயு" என்பார்கள். "உப்புசம்" என்பார்கள்.

கொச்சி நகரத்தில் மட்டாஞ்சேரி என்று ஒரு பகுதி இருக்கிறது. மிளகு, சுக்கு, ஏலம், ஜாதிக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். பல மொழி பேசும் மக்கள் அங்கே நெருங்கி வாழ்கிறார்கள். தமிழரும் இருக்கிறார்கள். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வேளியில் பெரிய சலவைக்கூடம் ஒன்று உண்டு. தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கின்றன.

அப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படிப்போம்.

வீடு மட்டாஞ்சேரியில் ஒரு சந்தில் இருக்கிறது. கணவன் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறான். மருமகளுக்கு இது முதல் பிரசவம். அவளுடைய தாய்வீடு தென்காசிப் பக்கம். தாய்க்கு உடல்நலம் இல்லை. அதனால் மாமியார்தான் பேறுகாலம் பார்த்தார். பெண் குழந்தை. பிறந்தபோது எடை 2 கிலோ 900 கிராம்.

முதல் இரண்டு வாரம் ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாவது வாரத்தில் சாயங்கால அழுகை தொடங்கியது. ஆறரை மணிக்குத் தொடங்கினால் ஒன்பது, பத்து வரை நீளும்.


2. ஆளுக்கு ஒரு வைத்தியம்

குழந்தை அழுதால் அந்தச் சந்துக்கே கேட்கும். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"கிரைப் வாட்டர் குடுங்க. ஏப்பம் வந்து சரியாப்போகும்."

"ஓமத்தண்ணி ரெண்டு சொட்டு விடுங்க."

"தொக்கம் விழுந்திருக்கும். எடுக்கிறவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க."

"தாய்ப்பால் பத்தலை. டப்பாப் பால் கரைச்சுக் குடுத்துப் பாருங்க."

மாமியார் வேறு ஒன்று நினைத்தார். "நீ சாப்பிடறதுதான் பால்ல இறங்குது" என்று மருமகளிடம் சொன்னார். பருப்பை நிறுத்தினார். காயை நிறுத்தினார். தண்ணீரையும் குறைத்தார். மருமகள் ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான் சாப்பிட்டாள். எழுந்து நின்றால் அவளுக்குக் கண் இருட்டியது.

ஒரு நாள் கணவன் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. மாமியார் கடைக்குப் போயிருந்தார். குழந்தை இரண்டு மணி நேரமாக அழுதுகொண்டிருந்தது. மருமகள் முந்தின இரவும் தூங்கவில்லை. திடீரென்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. குழந்தையின் இரண்டு தோளையும் இறுகப் பிடித்தாள். "ஏண்டி என்னை இப்படிப் படுத்தறே?" என்று கத்தினாள்.

மறு நொடியே பயந்துபோனாள். குழந்தையைப் பாயில் படுக்கவைத்தாள். வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குக் கை நடுங்கியது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.


3. கடையில் வாங்கிய ஜாதிக்காய்

அன்று மாமியார் கடைக்குப் போனது உரை மருந்து வாங்கத்தான். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவை சேர்ந்தது உரை மருந்து. வசம்பை மலையாளத்தில் வயம்பு என்பார்கள். மட்டாஞ்சேரியில் இந்தச் சரக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

மறுநாள் காலை மாமியார் உரைகல்லைக் கழுவினார். தாய்ப்பால் விட்டு ஜாதிக்காயை உரைத்தார். விழுதைச் சங்கில் வழித்து வைத்தார். "இதை ஒரு சொட்டு நாக்குல தடவினா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கும்" என்றார்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. ஆஷா பணியாளர் வந்திருந்தார்.

குழந்தை பிறந்த வீட்டுக்கு ஆஷா பணியாளர் வந்து பார்ப்பது அரசுத் திட்டம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டும். அன்று 28ஆம் நாள்.

அவர் மலையாளி. தமிழும் கலந்து பேசுவார். மருமகள் அவரைச் சேச்சி என்று கூப்பிடுவாள். சேச்சி என்றால் அக்கா.

சேச்சி கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். குழந்தையை எடை போட்டார். 3 கிலோ 400 கிராம் இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகுது, மோளே?"

"ஏழு, எட்டுத் தடவை போகுது சேச்சி. ஆனா பால் பத்தலைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"யாரு சொன்னாலும் இந்தத் தராசு பொய் சொல்லாது. பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் எடை குறையும். ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடை திரும்பி வரணும். அப்புறம் நாளுக்கு 25, 30 கிராம் கூடணும். மூத்திரம் நாளுக்கு ஆறு தடவையாவது போகணும். உன் குழந்தைக்கு ரெண்டும் சரியா இருக்கு. உன் பால் போதும்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் சேச்சி தரையில் இருந்த சங்கைப் பார்த்தார்.


4. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

சேச்சி மாமியாரைக் குறை சொல்லவில்லை. தாய் சேய் பாதுகாப்பு அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அம்மா, நீங்க படிச்சவங்கதானே? இந்த இடத்தைப் படிங்க."

மாமியாருக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிடையாது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989இல் பெரிய எழுத்தறிவு இயக்கம் நடந்தது. தொண்டர்கள் வீடு வீடாக வந்தார்கள். அப்போதுதான் அவர் எழுத்துக் கூட்டக் கற்றார். 1990 பிப்ரவரி 4ஆம் நாள் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மாவட்டம்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரல் வைத்து மெதுவாகப் படித்தார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம்.

இரண்டு தரம் படித்தார்.

"தண்ணியே வேண்டாம்னா, இதுவும் கூடாதா?" என்று சங்கைக் காட்டிக் கேட்டார்.

"கூடாதும்மா. ஜாதிக்காய் சமையலுக்கு ஒரு சிட்டிகை போடற சரக்கு. அளவு மீறினா பெரியவங்களுக்கே மயக்கம் வரும், நெஞ்சு படபடக்கும். ஒரு மாசக் குழந்தைக்கு எது அளவு? யாருக்கும் தெரியாது. அது குடிச்சா குழந்தை தூங்கலாம். வலி போய்த் தூங்குதா, மயங்கித் தூங்குதான்னு எப்படிச் சொல்றது?"

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"என் ரெண்டாவது பையனுக்குக் குடுத்தேன். ஒரு பகல் பூரா தூங்கினான். பாலுக்குக்கூட எழும்பலை. முகத்துல தண்ணி தெளிச்சேன். அன்னைக்கு நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்."

"அப்ப எங்கம்மா எங்களுக்குக் குடுத்ததெல்லாம் தப்பா?" என்றும் கேட்டார்.

"அவங்க அன்னைக்குத் தெரிஞ்சதைச் செஞ்சாங்க. ராத்திரி பூரா மடியில போட்டுத் தட்டிக் குடுத்திருப்பாங்களே, அது சரியான வைத்தியம். அதை நாமும் செய்யலாம். வாயில ஊத்தறதை மட்டும் விட்டுடலாம்."

மாமியார் எழுந்தார். சங்கைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தார்.


5. வாயில் ஊற்றக் கூடாதவை

கிரைப் வாட்டர்: 1851இல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் இதைச் செய்தார். அந்த நாளில் அதில் சாராயம் கலந்திருந்தது. சர்க்கரையும் சோடா உப்பும் இருந்தன. சாராயமும் இனிப்பும் உள்ளே போனால் குழந்தை அடங்கத்தானே செய்யும்? பிற்காலத்தில் சாராயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அழுகை இதனால் குணமாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தாய்ப்பால் குடிக்க வேண்டிய சின்ன வயிற்றில் வேறு நீர் நிறைகிறது. பாட்டிலும் கரண்டியும் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

ஓமத்தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து: இவையும் வேண்டாம். உரைகல்லில் ஒட்டியிருக்கும் கிருமியும் விழுதோடு சேர்ந்து போகும்.

தேன்: ஒரு வயது ஆகும் வரை தேன் தொடவே கூடாது. சில தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கும். அது குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். கை கால் தளர்ந்து, மூச்சே நின்றுபோகலாம்.

டப்பாப் பால்: 1992இல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. குழந்தைகளுக்கான பால் மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். 2003இல் அதை மேலும் கடுமையாக்கினார்கள். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று டப்பாவின் மேலேயே அச்சடிக்க வேண்டும். கடையில் டப்பாவைக் கையில் எடுத்தால் முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மருத்துவர் சொன்னால் ஒழிய டப்பாப் பால் வேண்டாம்.

தாய்ப்பாலை வளர்ப்பதில் கேரளம் நல்ல பெயர் எடுத்த மாநிலம். 2002இல் அது உலகின் முதல் குழந்தை நேய மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

இன்னும் இரண்டு வழக்கங்களை விட வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் விரல் விடவும், குழல் வைத்து உறிஞ்சவும் யாரையும் அனுமதிக்கக் கூடாது.


6. வாயு எங்கிருந்து வருகிறது?

குழந்தை பால் குடிக்கும்போது கொஞ்சம் காற்றையும் விழுங்குகிறது. அழும்போது இன்னும் அதிகமாக விழுங்குகிறது. குடலில் பால் செரிக்கும்போதும் காற்று உண்டாகிறது. பெரியவர்களுக்கு அது தானாகப் பிரியும். குழந்தையின் குடல் இன்னும் பழகவில்லை. அதனால் முக்குகிறது, முகம் சிவக்கிறது.

முக்கினாலும் மலம் இளக்கமாக இருந்தால் கவலை இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் பல தடவை மலம் போகலாம். மாதம் ஒன்று கடந்த பின் சில நாளைக்கு ஒரு தடவையும் போகலாம். இரண்டும் இயல்புதான்.

ஆனால் சாயங்கால அழுகைக்கு வாயு மட்டுமே காரணம் அல்ல. நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, நோய் எதுவும் இல்லாத குழந்தையும் இப்படி அழும். 1954இல் மோரிஸ் வெசல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது இந்த வகை அழுகை என்று கணக்குச் சொன்னார்கள். ஏறக்குறைய 5 குழந்தைகளில் ஒன்று இப்படி அழும். முழுக் காரணம் இன்றும் மருத்துவ உலகத்துக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். இந்த அழுகை இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கும். ஆறாவது வாரம் வரை ஏறும். பிறகு இறங்கும். மூன்று, நான்கு மாதத்தில் தானாக நின்றுவிடும். தாயின் பால் கெட்டதால் வருவது அல்ல. யாருடைய கண் பட்டும் வருவது அல்ல.

"இன்னும் ரெண்டு வாரம் கூடத்தான் செய்யும், மோளே. பயப்படாதே. கூடினா அது குறையப் போகுதுன்னு வெச்சுக்கோ" என்றார் சேச்சி.


7. கைகள் செய்யும் வேலை

அழுகையை அடியோடு நிறுத்த மருந்து இல்லை. ஆனால் குழந்தையின் தொல்லையைக் குறைக்கலாம். அன்று சேச்சி ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

பால் கொடுக்கும் முறை: குழந்தை கையைச் சப்பும், தலையைத் திருப்பித் தேடும். அப்போதே பால் கொடுக்க வேண்டும். வீறிட்டு அழும் வரை காத்திருந்தால் நிறையக் காற்றை விழுங்கிவிடும். குழந்தையின் உடல் முழுவதும் தாயின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். காம்பு மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியும் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பைத் தொட வேண்டும். சப்பும்போது "டக், டக்" என்று சத்தம் வந்தால் காற்றுப் போகிறது என்று பொருள். சுண்டு விரலை வாயின் ஓரத்தில் விட்டு எடுத்து, மறுபடி வைக்க வேண்டும்.

ஒரு பக்கம் முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் மறு பக்கம். அவசரமாகப் பக்கம் மாற்றினால் முதலில் வரும் தண்ணீர்ப் பால் மட்டும் வயிற்றை நிரப்பும். அது அதிகமானால் காற்றும் அதிகமாகும். கடைசியில் வரும் கெட்டிப் பாலும் வேண்டும்.

ஏப்பம் விடவைத்தல்: பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் சாய்க்க வேண்டும். அல்லது மடியில் உட்காரவைத்து, தாடையையும் நெஞ்சையும் ஒரு கையால் தாங்க வேண்டும். மறு கையால் முதுகை மெதுவாகத் தடவ வேண்டும், தட்ட வேண்டும். சில நிமிடம் போதும். ஏப்பம் வராவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்சம் பால் கக்கினாலும் பயம் இல்லை.

வயிற்றைத் தடவுதல்: கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தையின் தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவ வேண்டும். அழுத்தக் கூடாது. பால் குடித்த உடனே செய்யக் கூடாது.

சைக்கிள் விடுதல்: மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது போல மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றின் மேல் கொண்டுவந்து சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். காற்றுப் பிரியும்.

முன்கையில் படுக்கவைத்தல்: குழந்தையைக் குப்புற முன்கையின் மேல் படுக்கவைக்க வேண்டும். தலை முழங்கை மடிப்பில் இருக்கட்டும். வயிற்றுக்கு அடியில் கை இதமாக இருக்கும். அப்படியே வீட்டுக்குள் நடக்கலாம். இது விழித்திருக்கும்போது, கையில் வைத்திருக்கும்போது மட்டும். தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்துத் தூங்கவிட்டால் மூச்சுக்கு ஆபத்து.

அமைதி: விளக்கைக் குறைக்கலாம். தொலைக்காட்சியை நிறுத்தலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். தாலாட்டுப் பாடலாம். வெற்று மார்பில் சாய்த்துக்கொள்ளலாம். தகப்பன் மார்பும் இதற்கு ஏற்றதுதான்.

புகை ஆகாது: பீடி, சிகரெட்டுப் புகையும் சாம்பிராணிப் புகையும் குழந்தைக்கு ஆகாது. அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி மூட்டுவார்கள். "கரியை வெளியிலயே மூட்டுங்க" என்றார் சேச்சி.


8. தாயைக் கவனிக்க யார்?

சேச்சி மருமகளின் இமையை விலக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது.

"இவ என்ன சாப்பிடறா?" என்று கேட்டார்.

மாமியார் பத்தியத்தைச் சொன்னார்.

"பால் கொடுக்கிறவளுக்குத்தான் சாப்பாடு கூட வேணும். பருப்பு, கீரை, மீன், முட்டை, பழம் எல்லாம் கொடுங்க. வழக்கத்தைவிட ஒரு வேளை அதிகமாவே சாப்பிடட்டும். தாகத்துக்குத் தண்ணி குடிக்கட்டும். தாய் பருப்புச் சாப்பிட்டா அந்த வாயு பால்ல இறங்காது. டீ, காப்பியை மட்டும் குறைச்சுக்கலாம். ஆஸ்பத்திரியில கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாம சாப்பிடணும்."

மாமியார் அடுப்படிக்குப் போனார். அந்த நேரத்தில் மருமகள் மெல்லிய குரலில் சொன்னாள்:

"சேச்சி, நேத்து நான் குழந்தையை இறுக்கிப் பிடிச்சுட்டேன். குலுக்கியிருப்பேன். நான் கெட்டவளா?"

சேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கீழே படுக்கவெச்சியே, அதுதான் சரி. குழந்தையைக் குலுக்கவே கூடாது. அதுக்குக் கழுத்து நிக்காது. குலுக்கினா தலைக்குள்ள ரத்தம் கசியும். பார்வை போகும், உயிரும் போகும். ஆத்திரம் வந்தா குழந்தையைப் பத்திரமான இடத்துல மல்லாக்கப் படுக்கவெச்சுட்டு, நாலு அடி தள்ளிப் போ. முகம் கழுவு. ஐந்து நிமிஷம் அழுதா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. யாரையாவது கூப்பிடு. கூப்பிட வெட்கப்படாதே."

சேச்சி இன்னொன்றும் கேட்டார். "எப்பவும் அழுகை வருதா? எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?" பிரசவத்துக்குப் பின் சில நாள் மனம் கலங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு.

அன்று இரவு கணவன் வந்ததும் மாமியாரே பேசினார். "இனிமே ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை குழந்தை உன் கையில. எட்டு மணிக்கு மேல என் கையில. அவ அந்த நேரத்துல சாப்பிட்டுத் தூங்கட்டும். பாலுக்கு மட்டும் எழுப்புவோம்."

"எனக்குப் புள்ளை தூக்கத் தெரியாதும்மா" என்றான் அவன்.

"நான் இந்த வயசுல எழுத்துக் கத்துக்கலையா? நீ இதைக் கத்துக்கோ" என்றார் மாமியார்.


9. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

எல்லா அழுகையும் சாயங்கால அழுகை அல்ல. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

• பால் குடிக்க மறுக்கிறது, அல்லது சப்பத் தெம்பு இல்லை.
• உடம்பு சுடுகிறது. அல்லது சில்லென்று இருக்கிறது.
• பச்சையாக வாந்தி எடுக்கிறது. அல்லது ஒவ்வொரு தடவையும் பால் பீறிட்டு வெளியே வருகிறது.
• மலத்தில் ரத்தம் இருக்கிறது.
• வயிறு ஊதி, அழாதபோதும் கெட்டியாக இருக்கிறது.
• மூத்திரம் மிகவும் குறைந்துவிட்டது.
• மூச்சு வேகமாக இருக்கிறது. ஒரு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேல். அல்லது மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுக்கிறது.
• துவண்டு கிடக்கிறது. எழுப்பினாலும் எழவில்லை. வலிப்பு வருகிறது.
• தொடை இடுக்கில் புடைப்புத் தெரிகிறது. தொட்டால் வீறிடுகிறது.
• அழுகை வழக்கமானதாக இல்லை. கீச்சென்று, விடாமல் அழுகிறது.
• எடை கூடவில்லை.

மட்டாஞ்சேரியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊரில் எது பக்கத்தில் என்று இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 108க்குத் தொலைபேசி செய்தால் ஆம்புலன்ஸ் வரும். அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைக்கு ஏதாவது ஊட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் மருத்துவரால் சரியான சிகிச்சை தர முடியும்.


10. மழைக்காலம் முடிந்தபோது

சேச்சி சொன்னபடியே நடந்தது. ஆறாவது வாரம் அழுகை இன்னும் கூடியது. ஒரு நாள் இரவு பதினொன்று வரை அழுதது. கணவன் குழந்தையை முன்கையில் போட்டுக்கொண்டு சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். மறுநாள் அதே தெருவில் இரண்டு பேர் அவனிடம் அந்தப் பிடியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

பத்தாவது வாரத்தில் அழுகை ஒரு மணி நேரமாகக் குறைந்தது. மூன்றரை மாதத்தில் ஒரு சாயங்காலம். விளக்கு வைத்தாகிவிட்டது. குழந்தை அழவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே கையைக் காலை ஆட்டியது.

"என்னங்க, மணி எட்டாச்சு. இன்னும் அழலை" என்றாள் மருமகள்.

மூன்று பேரும் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமியார் எழுந்து, நேரத்தோடு சோறு போட்டார்.

எதிர்வீட்டில் இப்போது ஒரு புதுக் குழந்தை பிறந்திருக்கிறது. அங்கே சாயங்காலத்தில் அழுகை கேட்டால் மாமியார்தான் முதலில் போகிறார். உரைகல்லைக் கொண்டுபோவதில்லை. கையில் கண்ணாடி இருக்கும். "உங்க அட்டையை எடுங்க. என்ன எழுதியிருக்குன்னு சேர்ந்து படிப்போம்" என்பார்.


பயிற்சி

விடை சொல்லுங்கள்:

1. பால் போதுமா என்று சேச்சி எதை வைத்துக் கண்டுபிடித்தார்?
2. சாயங்கால அழுகை எப்போது தொடங்கும்? எப்போது நிற்கும்?
3. மாமியார் சங்கை ஏன் கழுவிக் கவிழ்த்தார்?
4. ஆத்திரம் வந்தால் தாய் என்ன செய்ய வேண்டும்?

சரியா, தவறா?

1. வெயில் காலத்தில் ஒரு மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.
2. தாய் பருப்புச் சாப்பிட்டால் குழந்தைக்கு வாயு வரும்.
3. தூங்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும்.
4. பச்சையாக வாந்தி எடுத்தால் காலை வரை காத்திருக்கலாம்.

விடைகள்: 1. தவறு. 2. தவறு. 3. சரி. 4. தவறு.

செய்து பாருங்கள்:

ஒரு துணிப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்பம் விடவைப்பது, வயிற்றைத் தடவுவது, முன்கையில் படுக்கவைப்பது ஆகிய மூன்றையும் ஒருவர் செய்து காட்டுங்கள். மற்றவர்கள் பார்த்துத் திருத்துங்கள். ஆண்களும் செய்ய வேண்டும்.

கூடிப் பேசுங்கள்:

உங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கு என்னென்ன ஊட்டும் வழக்கம் இருந்தது? அவற்றில் எதைத் தொடரலாம்? எதை விட வேண்டும்?